எழுதி வச்ச நோட்டுதான் எனக்குச் சாட்சி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் கீழக்குயில்குடி குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு ஊர் கீழக்குயில்குடி. சமணர் மலை அடிவாரத்துல, தாமரைக்குளமும் அய்யனார் கோயிலும் இருக்குற ஊருன்னா உங்க எல்லாருக்கும் தெரியும். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. கை நடுங்குது, அதனால எழுதிக் கொண்டாந்திருக்கேன். வாசிக்கிறதுல தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

போன மாசக் கூட்டத்துல தலைவி அக்கா, "உன் கார் இன்ஷூரன்ஸ் கதையை எல்லாருக்கும் சொல்லு, நாலு பேருக்கு உதவும்"னு சொன்னாங்க. "எங்கிட்ட ஏது காரு"ன்னு இங்க பாதிப் பேரு நினைப்பீங்க. சரிதான். ஆனா இன்னைக்கு நம்ம குழுக்கள்ல கடன் வாங்கி ஷேர் ஆட்டோ, லோடு வண்டி, டூவீலர்னு வச்சிருக்கிற குடும்பம் எத்தனையோ இருக்கு. எல்லா வண்டிக்கும் இன்ஷூரன்ஸ் கட்டுறோம். ஆனா அதுல பணம் கேட்டு வாங்குறது எப்படின்னு நமக்கு யாரும் சொல்லித் தரல. நான் அடிபட்டுக் கத்துக்கிட்டேன்.

எங்க வீட்டுக்காரர் பம்ப்செட் மோட்டார் மெக்கானிக். ஊர் ஊராப் போயி கிணத்து மோட்டாரை மேல ஏத்தி, ரிப்பேர் பார்த்து, இறக்கி மாட்டிட்டு வருவார். டூவீலர்ல மோட்டாரைக் கட்டிக்கிட்டுப் போயிப் போயி அவருக்கு இடுப்பு போச்சு. 2022-ல எங்க குழுவுல 1 லட்சம் கடன் போட்டேன். என் தோட்டை அடகு வச்சது, கையில இருந்தது எல்லாம் சேர்த்து பழைய ஆல்டோ கார் ஒண்ணு வாங்குனோம். 2018 மாடல். கடன் என் பேர்ல இருந்ததால வண்டியும் என் பேர்லயே இருக்கட்டும்னு எங்க ஊக்குநர் அக்கா சொன்னாங்க. ஆர்.சி. புக் என் பேர்ல மாறுச்சு. அப்பவே அவங்க இன்னொண்ணும் சொன்னாங்க: "ஆர்.சி. மாறினா போதாது, இன்ஷூரன்ஸையும் உன் பேருக்கு மாத்து. 14 நாளுக்குள்ள எழுதிக் குடுக்கணும்." வண்டியை வித்தவர், "அதெல்லாம் எதுக்கும்மா, பாலிசி ஓடிக்கிட்டுத்தான இருக்கு"ன்னாரு. ஊக்குநர் அக்கா பேச்சைக் கேட்டு மாத்துனேன். அன்னைக்கு மாத்தலைன்னா இன்னைக்கு இந்த மேடையில எனக்குப் பேச ஒண்ணும் இருந்திருக்காது. ஒரு ரூபாகூட வந்திருக்காது.

இனி விபத்துக்கு வர்றேன். 2024 நவம்பர் 9, சனிக்கிழமை. ஐப்பசி மழை. எங்க பக்கத்து வீட்டுப் பெரியம்மா ராஜாஜி ஆஸ்பத்திரியில இருந்து டிஸ்சார்ஜ் ஆனாங்க. எங்க குழுவுல அவங்களும் ஒரு உறுப்பினர்தான். அவங்களைக் கூட்டிட்டு வர எங்க வீட்டுக்காரர் போயிருந்தார். தேனி ரோட்டுல அச்சம்பத்து தாண்டி வரும்போது இருட்டுல ஒரு மாடு குறுக்க வந்துருச்சு. ஒடிச்சவரு நடுவுல இருக்குற தடுப்புச் சுவர்ல மோதிட்டாரு. பெரியம்மாவுக்கு நெத்தியில மூணு தையல். அவருக்குக் கையில சிராய்ப்பு. மாட்டுக்கு ஒண்ணுமில்ல. வண்டிக்கு முன்பக்கம் முழுக்கப் போச்சு, கண்ணாடியும் போச்சு. உசுரோட வந்தாங்களே, அதுக்கு அய்யனாருக்குத்தான் நன்றி சொல்லணும்.

அன்னைக்கு ராத்திரியும் மறுநாள் ஞாயித்துக்கிழமையும் ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன்னு போச்சு. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குனோம். வண்டியைக் கட்டி இழுத்து ஒரு ஒர்க் ஷாப்புல விட்டோம். திங்கக்கிழமைதான் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டேன். இது என் முதல் தப்பு. அன்னைக்கு ராத்திரியே போட்டிருக்கணும். ஞாயித்துக்கிழமையும் அந்த நம்பர் வேலை செய்யும்னு எனக்குத் தெரியல.

போன்ல முதல் கேள்வியே, "சார் இருக்காருங்களா?"

"வண்டி என் பேர்லதான் இருக்கு, எங்கிட்டச் சொல்லுங்க"ன்னேன்.

"பரவாயில்ல மேடம், சாரைக் கூப்பிடுங்க."

அக்கா தங்கச்சிகளே, அந்த நாலு மாசத்துல இந்தக் கேள்வியை மட்டும் எத்தனை தடவை கேட்டேன்னு கணக்கு வைக்கல. ஒவ்வொரு தடவையும், "பாலிசியை எடுத்துப் பாருங்க, பேரு யாரு பேரு?"ன்னு கேட்பேன். பிறகுதான் பேசுவாங்க.

வியாழக்கிழமை சர்வேயர் வந்தாரு. சேதத்தைப் பார்த்து மதிப்புப் போடுறவருக்குத்தான் சர்வேயர்னு பேரு. போட்டோ எடுத்தாரு, ஒர்க் ஷாப்புல எஸ்டிமேட் வாங்கிக்கிட்டாரு. "பத்து நாள்ல முடிஞ்சிரும்மா"ன்னு சொல்லிட்டுப் போனாரு. பத்து நாள் போச்சு. போன் போட்டா, "உங்க கிளெய்ம் பரிசீலனையில இருக்கு, 48 மணி நேரத்துல தகவல் வரும்"னாங்க. 48 மணி நேரம் கழிச்சுப் போட்டா வேற ஆளு எடுப்பாங்க, அதே 48 மணி நேரம். ஒருநாள் டிரைவிங் லைசென்ஸ் காப்பி கேட்டாங்க, அனுப்புனோம். அடுத்த வாரம் சி.எஸ்.ஆர். காப்பி. அதுக்கடுத்த வாரம் பாஸ்புக். பிறகு மறுபடியும் லைசென்ஸ். "அனுப்பிட்டோமே"ன்னா, "எங்களுக்கு வரலையே மேடம்"னு பதில்.

கம்பெனி சம்மதம் சொல்லாம ஒர்க் ஷாப்புல வண்டியில கை வைக்க மாட்டேன்னுட்டாங்க. எங்க வீட்டுக்காரர் மறுபடியும் டூவீலர்ல மோட்டார் கட்ட ஆரம்பிச்சாரு. பெரிய மோட்டார் வேலை வந்தா முடியாதுன்னு சொல்லி அனுப்ப வேண்டியதாச்சு. கார்த்திகை, மார்கழி ரெண்டு மாசமும் குழுக் கடனுக்கு 5,000 ரூபா தவணை என்னால கட்ட முடியல.

இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்குது. எங்க குழுவுல 14 பேரு. குழு ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஒரு தவணை தவறினதில்ல. அதனாலதான் பேங்க்ல ஒவ்வொரு தடவையும் கூடுதலாக் கடன் குடுக்குறாங்க. என் ஒருத்தியால அது கெடப் போகுதேன்னு கூட்டத்துக்குப் போகவே கூச்சப்பட்டேன். ரெண்டு வாரம் போகல. மூணாவது வாரம் ஊக்குநர் அக்காவும் கணக்கு எழுதுற தங்கச்சியும் வீட்டுக்கே வந்துட்டாங்க. குழுப் பொதுப்பணத்துல இருந்து என் ரெண்டு தவணையையும் கட்டி, தீர்மானம் எழுதிட்டாங்க. "எங்களுக்குப் பணம் பெருசில்ல, நீ வராம இருக்கியே, அதுதான்"னாங்க.

அன்னைக்கு அந்தக் கணக்கு எழுதுற தங்கச்சி கேட்ட ஒரு கேள்விதான் எனக்குக் கண்ணைத் திறந்துச்சு. "அக்கா, கம்பெனிக்காரங்க என்னைக்கு என்ன சொன்னாங்க, யாரு சொன்னாங்க, எழுதி வச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டுச்சு. "எழுதலையே தங்கச்சி, எல்லாம் போன்லதான பேசுனேன்"னேன். "நம்ம குழுவுல தீர்மான நோட்டுல எழுதாம ஒரு ரூபா எடுப்போமாக்கா? அவங்க மட்டும் எப்படி வெறும் வாய்ப்பேச்சுல பணம் குடுப்பாங்க?"

எனக்குச் சுருக்குன்னுச்சு. எத்தனை வருசமா வாராவாரம் தேதி போட்டு, பேரு போட்டு, கையெழுத்து வாங்கி எழுதுற வேலையைச் செய்யிறோம். அதே வேலையை எனக்குன்னு வரும்போது ஏன் செய்யல?

மறுநாளே 40 பக்க நோட்டு ஒண்ணு வாங்குனேன். போன்ல இருந்த பழைய அழைப்பு, மெசேஜ் எல்லாம் பார்த்துத் தேதி வாரியா எழுதுனேன். பாலிசி நம்பர், கிளெய்ம் நம்பர், சர்வேயர் வந்த தேதி, எந்தக் காகிதம் என்னைக்கு அனுப்புனது, எடுத்தவங்க பேரு, சொன்ன பதில். அதுக்குப் பிறகு போன் பேசும்போதே, "உங்க பேரு என்னங்க, எழுதிக்கிறேன்"னு கேட்பேன். பேரு கேட்டதுமே பேசுற தோரணை மாறும். நீங்களும் செஞ்சு பாருங்க.

இதுக்கு நடுவுல டிசம்பர் முதல் வாரத்துல ஒரு காரியம் நடந்திருக்கு. கம்பெனியில இருந்து விசாரணைக்குன்னு ஒருத்தர் வந்திருக்காரு. எங்க வீட்டுக்கு வரல, நேரா பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்காரு. "கார்ல வந்ததுக்கு எவ்வளவு குடுத்தீங்க பாட்டி?"ன்னு கேட்டிருக்காரு. பெரியம்மா வெள்ளந்தி. "பெட்ரோலுக்கு 200 ரூபா குடுத்தேன்யா"ன்னு சொல்லிருக்காங்க. அவரு இங்கிலீஷ்ல எழுதின காகிதத்துல பெரியம்மாகிட்ட கைநாட்டு வாங்கிட்டுப் போயிட்டாரு. அதுல "வாடகைக்கு ஏற்றி வந்த வண்டி"ன்னு எழுதியிருந்தது எங்களுக்குப் பின்னாலதான் தெரிஞ்சது. சொந்த உபயோகத்துக்கு இன்ஷூரன்ஸ் எடுத்த வண்டியை வாடகைக்கு ஓட்டுனா அது பாலிசி விதியை மீறுனதாம்.

200 ரூபா குடுத்தது எனக்கே அப்பத்தான் தெரியும். வீட்டுக்காரர்கிட்டக் கேட்டேன். "வேணாம்னுதான் சொன்னேன், சட்டைப் பையில திணிச்சிருச்சு பெரியம்மா"ன்னாரு.

கூட்டத்துல இதைப் பேசுனோம். பெரியம்மா அழுதுட்டாங்க. "நான் காசே குடுக்கலைன்னு சொல்லிர்றேன் தாயி, எந்தக் கோயில்ல வேணாலும் சத்தியம் பண்றேன்"னாங்க. உண்மையைச் சொல்றேன், "சரி பெரியம்மா, அப்படியே சொல்லிருங்க"ன்னு என் வாய் வரைக்கும் வந்துச்சு. அப்ப எங்க பிரதிநிதி அக்கா சொன்னாங்க: "பொய்யை எழுதுனா அதைக் காப்பாத்த இன்னும் நாலு பொய் எழுதணும். நடந்ததை நடந்தபடி எழுதுவோம். பக்கத்து வீட்டுக்காரி பெட்ரோலுக்குக் காசு குடுக்குறது வாடகையா?"

அப்படியே செஞ்சோம். பெரியம்மா சொல்லச் சொல்லத் தங்கச்சி தமிழ்ல எழுதுச்சு. பெரியம்மா எங்க பக்கத்து வீடு, ஒரே குழு, ஆஸ்பத்திரியில இருந்து கூட்டி வரச் சொன்னது நாங்க, அவங்களா விரும்பி பெட்ரோலுக்கு 200 ரூபா குடுத்தாங்க, வாடகை பேசவும் இல்ல, கேட்கவும் இல்ல. நம்ம குழு வழக்கப்படி முழுசும் சத்தமா வாசிச்சுக் காட்டி, பெரியம்மா "சரி"ன்னு சொன்ன பிறகுதான் கைநாட்டு. கீழ ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்து.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லிக்கிறேன். யாரு வந்தாலும், எந்த ஆபீஸ் ஆளா இருந்தாலும், உங்களுக்குப் புரியாத மொழியில இருக்குற காகிதத்துல கைநாட்டோ கையெழுத்தோ வைக்காதீங்க. "தமிழ்ல எழுதிட்டு வாங்க, வாசிச்சுக் காட்டுங்க, எனக்கு ஒரு காப்பி குடுங்க"ன்னு சொல்லுங்க. அப்படிக் கேட்கிறதுல மரியாதைக் குறைவு ஒண்ணுமில்ல.

பொங்கல் முடிஞ்சு 2025 ஜனவரி 20-ஆம் தேதி கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு லெட்டர் எழுதுனேன். எல்லா இன்ஷூரன்ஸ் கம்பெனியிலயும் அப்படி ஒரு அதிகாரி இருக்கணும். அவர் முகவரி பாலிசிக் காகிதத்தோட கடைசிப் பக்கத்துலயே இருக்கு. நான் அதுவரைக்கும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததே இல்ல. நோட்டுல இருந்த தேதிகளை வரிசையா எழுதி, எல்லாக் காகிதத்துக்கும் ஜெராக்ஸ் வச்சு, பெரியம்மா வாக்குமூலத்தையும் சேர்த்து, ஒப்புகை அட்டையோட தபால்ல அனுப்புனேன். ஈமெயில்லயும் தங்கச்சி அனுப்பி விட்டுச்சு.

அந்த லெட்டர்ல விதியையும் எழுதுனோம். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கெல்லாம் மேல ஐதராபாத்துல ஒரு ஒழுங்குமுறை ஆணையம் இருக்கு, ஐ.ஆர்.டி.ஏ.ஐ.ன்னு சொல்வாங்க. அவங்க 2024-ல போட்ட உத்தரவுப்படி, கிளெய்ம் சொன்ன 24 மணி நேரத்துல சர்வேயரைப் போடணும். சர்வேயர் 15 நாள்ல அறிக்கை குடுக்கணும். அறிக்கையை வாங்குறது கம்பெனியோட பொறுப்பு, நம்ம பொறுப்பில்ல. அறிக்கை வந்து 7 நாள்ல கம்பெனி முடிவு சொல்லணும். குறைன்னு எழுதிக் குடுத்தா 14 நாள்ல பதில் சொல்லணும். எனக்கோ 70 நாளைத் தாண்டிப் போச்சு.

பதில் வந்துச்சு, பிப்ரவரி 10-ஆம் தேதி. போன்லதான். "மேடம், வண்டியை வாடகைக்கு ஓட்டிருக்கீங்க. முழுசா மறுக்கலாம். ஆனா மனிதாபிமான அடிப்படையில 75 சதவீதம் தர்றோம். 47,700 ரூபா. ஒரு படிவம் அனுப்புறோம், கையெழுத்துப் போட்டா இந்த வாரமே கணக்குல ஏறிரும்."

அந்தப் படிவத்துல, இதையே முழுத் தீர்வா ஏத்துக்கிட்டேன், இனிமே ஒண்ணும் கேட்க மாட்டேன்னு இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்ல. கையில காசில்ல. ரெண்டு தவணையைக் குழு கட்டியிருக்கு. தோடு அடகுல இருக்கு. வீட்டுக்காரர், "வர்றதை வாங்கிருவோம்மா, பெரிய இடத்தோட மல்லுக்கட்ட முடியுமா?"ன்னாரு. அவர் சொன்னதும் தப்பில்ல. குறையுற பணம் 15,900 ரூபா. குழுத் தவணை மூணு மாசத்துக்கு. ஆனா பணத்தை விட, வாடகைக்கு ஓட்டுனோம்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுக்குற மாதிரி ஆகுதே, பெரியம்மா சொன்ன உண்மை பொய்யாப் போகுதேன்னு மனசு ஒப்பல.

பிறகு மதுரை மாவட்ட நீதிமன்றத்துல இருக்குற சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸுக்குப் போனேன். இதை நீங்க எல்லாரும் மனசுல வச்சுக்கணும். 1987-ஆம் வருசச் சட்டப்படி பெண்களுக்கு அங்க இலவசமா சட்ட உதவி உண்டு. வருமானம் எவ்வளவுன்னு பார்க்கிறதில்ல, பெண்ணுன்னா போதும். 15100-னு ஒரு போன் நம்பரும் இருக்கு. அங்க இருந்த வக்கீலம்மா என் நோட்டை முழுசாப் படிச்சாங்க. "இந்த மாதிரித் தேதி போட்டு எழுதிக்கிட்டு வர்றவங்க ரொம்பக் கம்மிம்மா"ன்னாங்க. எனக்குப் பத்தாவது பாஸ் ஆனப்ப கூட அவ்வளவு சந்தோசம் இல்ல.

அவங்க சொன்னது இதுதான். ஒருத்தர் சொந்த வண்டியை உண்மையிலேயே வாடகைக்கு விட்டு விபத்தானாக்கூட, அந்த ஒரு காரணத்துக்காக கிளெய்மை மொத்தமாத் தள்ளக் கூடாது, குறைச்சாவது குடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2010-ல அமலேந்து சாகு வழக்குல சொல்லியிருக்கு. 75 சதவீதம்ங்கிற கணக்கு அந்த மாதிரி விதி மீறுன வழக்குக்குத்தான். "அப்ப அவங்க உங்களுக்கு மனிதாபிமானத்துல எதுவும் தரல. விதி மீறுன வண்டிக்கு என்ன தரணுமோ அதைத்தான் தர்றாங்க. நீங்க விதியை மீறலைன்னா ஏன் அதை வாங்கணும்? வாடகைன்னு எதை வச்சு முடிவு பண்ணீங்கன்னு எழுத்துல கேளுங்க"ன்னாங்க.

கையெழுத்துப் போடல. எழுத்துல கேட்டேன். அதோட ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யோட பீமா பரோசாங்கிற இணையதளத்துல தங்கச்சி புகாரைப் பதிஞ்சுச்சு. 155255-ன்னு இலவச நம்பர்லயும் சொல்லலாம். அதுலயும் முடியலைன்னா அடுத்து சென்னையில இருக்குற இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளர், ஆம்புட்ஸ்மேன்னு சொல்வாங்க, அவருக்குப் போறதா இருந்தேன். அதுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்ல. கம்பெனிக்கு முதல்ல எழுதி ஒரு மாசம் ஆகியும் பதில் வரல, அல்லது வந்த பதில் சரியில்லைன்னா, ஒரு வருசத்துக்குள்ள போகணும். நம்ம மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். நாம குடியிருக்குற ஊர்லயே வழக்குப் போட 2019-ஆம் வருசச் சட்டத்துல வழி இருக்கு.

அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியம் வரல. மார்ச் முதல் வாரத்துல கம்பெனியில இருந்து கூப்பிட்டாங்க. இந்தத் தடவை, "வண்டி உரிமையாளர் பேசுறீங்களா மேடம்?"னு கேட்டாங்க. நானும் "ஆமா, நாந்தேன்"னேன். வாடகைன்னு போட்டதை எடுத்துட்டோம், முழுக் கணக்கும் தர்றோம்னாங்க. மார்ச் 14, வெள்ளிக்கிழமை, 63,600 ரூபா என் கணக்குல ஏறுச்சு. விபத்து நடந்து 125-ஆவது நாள். தாமதத்துக்கு வட்டியும் கேட்டிருந்தேன், அது வரல. அதுக்கும் விடாமக் கேட்டிருக்கணுமோன்னு இப்பத் தோணுது. அன்னைக்கு எனக்கு அசதி.

பணம் வந்த அடுத்த கூட்டத்துல முதல் வேலையா குழுவுக்கு 10,000 ரூபாயைத் திருப்பிக் கட்டுனேன். தங்கச்சி ரசீது குடுத்துச்சு. பெரியம்மா எங்கிட்ட வந்து, "இனிமே உன் கார்ல ஏறுனா காசு குடுக்க மாட்டேன்டி"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சோம்.

இன்னொரு உண்மையையும் சொல்லணும். ஒர்க் ஷாப் பில் 92,000 ரூபா. எனக்கு வந்தது 63,600. "ஃபுல் இன்ஷூரன்ஸ்"னு சொல்லித்தான் விக்கிறாங்க, முழுசும் வரும்னு நான் நினைச்சேன். அப்படி இல்ல. தேய்மானம்னு கழிப்பாங்க. பிளாஸ்டிக், ரப்பர் சாமானுக்குப் பாதிதான். கண்ணாடிக்குக் கழிவு கிடையாது. இரும்புச் சாமானுக்கு வண்டியோட வயசைப் பொறுத்துக் கழிவு. அஞ்சு வருசம் தாண்டுன என் வண்டிக்கு 40 சதவீதம். என் கணக்கு இப்படி:

இரும்புச் சாமான் 46,000-க்கு 27,600.
பிளாஸ்டிக், ரப்பர் 18,000-க்கு 9,000.
கண்ணாடி 7,000-க்கு 7,000.
கூலி 21,000-க்கு 21,000.
மொத்தம் 64,600. அதுல நாம கட்டாயம் ஏத்துக்க வேண்டிய 1,000 போக 63,600.

இந்தக் கணக்கு முதல்லயே தெரிஞ்சிருந்தா, மீதி 28,400-க்கு நான் முன்கூட்டியே வழி பார்த்திருப்பேன். தேய்மானம் கழிக்காத பாலிசியும் இருக்கு, பிரீமியம் கூட. எவ்வளவு பழைய வண்டிக்குத் தருவாங்கன்னு எடுக்கும்போதே கேட்டுக்குங்க.

கடைசியா ஒரு முக்கியமான விசயம். வண்டி நம்ம பேர்ல இருக்கணும்னு எல்லாரும் சொல்றோம், நல்லதுதான். ஆனா பாலிசியில உரிமையாளருக்குன்னு 15 லட்சம் ரூபா தனிநபர் விபத்துக் காப்பீடு ஒண்ணு இருக்கு. அது ஆர்.சி.யில பேர் இருந்து, லைசென்ஸும் வச்சிருக்கிறவங்களுக்குத்தான். வண்டி என் பேர்ல, ஓட்டுறது வீட்டுக்காரர். அன்னைக்கு ராத்திரி அவருக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா அந்த 15 லட்சம் எங்களுக்குக் கிடைச்சிருக்காது. இதை வக்கீலம்மா சொன்னப்ப எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. இப்ப அவருக்குத் தனியா விபத்துக் காப்பீடு எடுத்திருக்கேன். நானும் டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்திருக்கேன். நீங்களும் வீட்டுக்குப் போயி பாலிசியை எடுத்துப் பாருங்க.

நான் கத்துக்கிட்டதைச் சுருக்கமாச் சொல்றேன்:

1. பழைய வண்டி வாங்குனா ஆர்.சி.யோட சேர்த்து இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்த எழுதிக் குடுங்க.

2. விபத்து நடந்தா அன்னைக்கே கம்பெனிக்குச் சொல்லுங்க. கிளெய்ம் நம்பரை வாங்கி எழுதி வைங்க. வண்டியை நகட்டுறதுக்கு முன்னால போன்லயே நாலு பக்கமும் போட்டோ எடுங்க.

3. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து ரசீது வாங்குங்க.

4. சர்வேயர் பார்க்காம வண்டியைப் பிரிக்க விடாதீங்க.

5. போன்ல பேசுனதை நோட்டுல எழுதுங்க: தேதி, நேரம், பேரு, பதில். குடுக்குற காகிதத்துக்கெல்லாம் ஜெராக்ஸ் வச்சுக்குங்க.

6. கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரி, பிறகு 155255 அல்லது பீமா பரோசா, பிறகு ஆம்புட்ஸ்மேன் அல்லது நுகர்வோர் ஆணையம். இந்த வரிசையில போங்க.

7. "முழுத் தீர்வு"ன்னு இருக்குற படிவத்துல அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீங்க. ஏன் குறைச்சீங்கன்னு எழுத்துல கேளுங்க.

8. பொய் எழுதாதீங்க.

அக்கா தங்கச்சிகளே, இன்ஷூரன்ஸ் பணம் யாரும் நமக்குப் போடுற பிச்சை இல்ல. வருசா வருசம் நாம கட்டுன காசுக்கு அவங்க எழுதிக் குடுத்த வாக்கு. வாக்கை எழுத்துல குடுத்தவங்ககிட்ட எழுத்துலதான் கேட்கணும். அதுக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்ல. வாராவாரம் தீர்மான நோட்டுல நாம எழுதுற அதே எழுத்துப் போதும். நமக்கு அது ஏற்கெனவே தெரியும்.

எங்க ரெண்டு தவணையைக் கட்டி, என்னைக் கூட்டத்துக்குத் திரும்பக் கூட்டிட்டு வந்த என் குழுவோட 13 பேருக்கும் இந்த மேடையில நன்றி சொல்லிக்கிறேன். அந்த 40 பக்க நோட்டு இங்கதான் இருக்கு. பார்க்கணும்னு நினைக்கிறவங்க சாப்பாட்டு நேரத்துல எங்கிட்ட வந்து பாருங்க. லெட்டர் எப்படி எழுதணும்னு மாதிரியும் அதுல இருக்கு. யாருக்கு வேணும்னாலும் ஜெராக்ஸ் எடுத்துத் தர்றேன்.